மொட்டை மாடியிலிருந்து பார்த்தது

என் மனைவி மலர்க்கொடியின் நகக்கண்ணில் மண் இருந்ததை ஒரு புதன்கிழமை காலையில் பார்த்தேன். தட்டில் தோசையை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். ஐந்து விரலிலும் கறுப்பாக ஒரு கோடு.

அது என்ன என்று கேட்டேன். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னாள். தண்ணீர் ஊற்றினால் கை நனையும். நகத்துக்குள் மண் ஏறாது. நான் மேலே எதுவும் கேட்காமல் தோசையைத் தின்று முடித்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தாத்தா மதுராந்தகம் பக்கம் ஒரு பண்ணையில் ஆள். ஆள் என்றால் வேலைக்குச் சேர்ந்தவர் இல்லை. அவருடைய அப்பா அங்கே இருந்ததால் அவரும் இருந்தார். கூலியை நெல்லாகப் போடுவார்கள். அதைத் தள்ளி நின்று துண்டை விரித்து வாங்க வேண்டும். என் அப்பா பதினாறு வயதில் அங்கிருந்து கிளம்பி வந்து, ராயபுரத்தில் தங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். எந்த வேலையும் செய்யலாம், அடுத்தவன் மண்ணில் கை வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் எங்களை வரிசையாக நிற்க வைத்து நகத்தைப் பார்ப்பார். விளையாடின மண் இருந்தாலும் அடி விழும்.

நான் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கையில் எண்ணெய் பட்டிருக்கிறது, கிரீஸ் பட்டிருக்கிறது. மண் பட்டதில்லை. என் மகள் மகிழினி வங்கியில் அதிகாரி. இந்தச் செங்குட்டுவன் வீட்டிலிருந்து யாரும் குனிந்து வெட்டப் போனதில்லை என்று நான் யாரிடமும் நிமிர்ந்து சொல்ல முடியும். அந்தப் புதன்கிழமை வரை முடிந்தது.

மூன்று வருஷம் முன்பு மகிழினி எங்கள் இருவருக்கும் திருவொற்றியூரில் ஒரு ஃபிளாட் வாங்கிக் கொடுத்தாள். நான்காவது மாடி, லிஃப்ட் உண்டு. பால்கனியில் நின்றால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பது தெரியும், அதற்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். புளியந்தோப்பில் இருந்தவரை மலர்க்கொடியின் குரல் நான்கு தெருவுக்குக் கேட்கும். குழாயடியில் சண்டை போடுவாள், அதே குழாயடியில் சமாதானமும் செய்து வைப்பாள். இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. சண்டைக்கு வழியில்லை. பாத்திரம் தேய்க்க, வீடு பெருக்க ஆள் வைத்தேன். அவள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு மனிதன் தன் மனைவியை இதைவிட நன்றாக எப்படி வைத்திருப்பான்?

ஆனால் அவள் சாப்பிடவில்லை. ஒரு வருஷத்தில் பத்து கிலோ இளைத்தாள். சர்க்கரை ஏறியது. முட்டி மடங்கவில்லை. கட்டில் விளிம்பில், பீரோவைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். இன்னா பாக்கற என்றால், ஒண்ணுமில்ல என்பாள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர சில நாள் வேறு வார்த்தையே வராது.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அம்மா நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். ஒரு வேலையும் வைக்கவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, கடைசி வரி மருந்து இல்லை சார், என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். தினமும் காலையில் அரை மணி நேரம் தோட்ட வேலை, நாலு பேரோடு சேர்ந்து, என்று அதில் இருந்தது. எந்தப் படிப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டப் போயிருந்த நேரத்தில் டாக்டரம்மா அவளிடமே சொல்லிவிட்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் நான்கு மாதத்தில் மலர்க்கொடி மாறினாள். காலையில் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வந்து நான்கு இட்லி சாப்பிடுவாள். லிஃப்டில் யாரோடோ சிரிக்கிற சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும். ராத்திரிச் சாப்பாட்டில் ராமசெல்வி இப்படிச் சொன்னாள், ஸ்டானிஸ்லாஸ் அப்படிச் சொன்னார் என்று கட்டடத்து ஆட்களைப் பற்றிப் பேச்சு நீளும். மூன்று மாதச் சர்க்கரை பத்திலிருந்து ஏழரைக்கு இறங்கியது. மாத்திரை நல்ல மாத்திரை என்று நான் நினைத்தேன்.

நகத்தைப் பார்த்த மறுநாள், அவள் கிளம்பிய பிறகு, நான் மொட்டை மாடிக்கு ஏறினேன்.

கட்டடத்தின் பின்னால், டிரான்ஸ்ஃபார்மருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். நீலப் பீப்பாய்களைப் பாதியாக அறுத்து, செங்கல் அடுக்கி, இடுப்பு உயரத்தில் வைத்திருந்தார்கள். அதில் செடிகள். மதில் ஓரமாக நீளமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் என் மனைவி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு குனிந்திருந்தாள். ஆறடி தள்ளி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். கழுத்தில் கனமான சங்கிலி போட்ட ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, இங்கே, அங்கே என்று விரலை நீட்டினாள். விரல் போன பக்கம் மண்வெட்டி போயிற்று.

ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒருவர் கை நீட்ட, ஒருவர் குனிந்து வெட்டுவது. இதை நான் என் வாழ்நாளில் கண்ணால் பார்த்தவன் இல்லை. ஆனால் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மலர்க்கொடி நிமிர்ந்து, அந்தப் பெண்மணியைப் பார்த்து ஏதோ சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நாற்காலிக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் தாத்தாவைப் பற்றிய கதையில் யாரும் சிரித்ததாக அப்பா சொன்னதில்லை.

அவள் வீட்டுக்கு வந்ததும், நாளையிலிருந்து கீழே போக வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். போக வேண்டாமென்றால் வேண்டாம் என்றேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்து நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.  அவள் குக்கரைக் கழுவப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். இப்போது ஜெயித்தேனா இல்லையா என்றே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தள்ளுவண்டிக்காரரிடம் இரண்டு ரோஜாத் தொட்டி வாங்கி பால்கனியில் வைத்தேன்.

"செடிதானே ஒனக்கு வேணும்? இங்கயே வெச்சிக்க. நம்ம வூடு, நம்ம மண்ணு."

ஒரு மக் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். "இதாண்ட நின்னுகினு நான் யாரோட பேசறது?" என்றாள்.

செடியோடு எதற்குப் பேச வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டாள். ஐந்தாம் நாள் தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. ஏழாம் நாள் மறுபடி கட்டில் விளிம்பு, மறுபடி பீரோ. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தாள். மாத்திரையை நானே வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தேன். அதே மாத்திரை. போன மாதம் வேலை செய்த மாத்திரை இந்த மாதம் ஏன் வேலை செய்யவில்லை?

ஒன்பதாம் நாள் அழைப்புமணி அடித்தது. திறந்தால், சங்கிலி போட்ட அந்தப் பெண்மணி. முதல் மாடி ராமசெல்வி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். மகன் பாத்திரக்கடை வைத்திருக்கிறான்.

"அண்ணாச்சி, மதினி இல்லியா? ஒம்பது நாளா ஆளையே காணலியே, மேலுக்கு முடியலியோன்னு பாக்க வந்தேன்."

மதினி என்றால் அண்ணன் மனைவி. எந்த அண்ணன், எந்த உறவு? என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஜனங்கள். உறவு சொல்லிக் கூப்பிட்டால் வேலை வாங்குவது சுலபம் என்று எனக்குத் தோன்றியது. அவள் கையில் ஒரு துணிப்பை. கத்திரிக்காயும் கொஞ்சம் கீரையும் இருந்தன.

"இது அவிய பங்கு. நேத்து கூறு போட்டோம். வாடிரும்லா, அதான் கொண்டாந்தேன்."

வேலை செய்தவளுக்கு விளைந்ததில் ஒரு பங்கு. அதையும் வீட்டு வாசலில் வந்து நின்று பையை நீட்டித் தருகிறாள்.  நான் வெளியாட்களிடம் எப்போதும் நிறுத்தி, நல்ல தமிழில்தான் பேசுவேன். அன்றும் அப்படித்தான் பேசினேன்.

"எங்க வீட்டுல யாரும் கூலிக்கு வேலை செய்யறதில்லைங்க. பங்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"கூலியா? யாருக்கு யாரு கூலி?" கண்ணைச் சுருக்கி என் முகத்தருகே வந்து பார்த்தாள். அந்தப் பார்வையை ஏளனம் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். திரும்பினால் கூடத்தில் மலர்க்கொடி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். என்னைத் தாண்டிப் போய், சாத்திய கதவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடி அறைக்குள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகிழினி வந்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தாள். இருநூற்று நாற்பது. அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு என்னை பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தோட்டத்தைப் பற்றி முதலிலிருந்தே தெரியும். அங்கே தண்ணீர் பாய்ச்சுகிற ஹோஸ் அவள் வாங்கிக் கொடுத்ததாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா இப்டி ஆவும்னுதான் நைனா."

அவளுக்கு நான் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். துண்டை விரித்து வாங்கின நெல்லைப் பற்றிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான்.

"எல்லாம் செரி. அம்மாவுக்கு எது நல்லதுன்னு சொல்லு. தாத்தாவுக்கு எது நல்லதுன்னு சொல்லிகினு கீற."

 இரண்டும் ஒன்றுதான் என்று கல்யாணமான நாற்பத்தாறு வருஷமாக நினைத்திருந்தேன்.

அன்று முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மலர்க்கொடி கீழே போகட்டும். ஆனால் மண்வெட்டியைத் தொடக் கூடாது. வெட்டுவதற்கு அவர்களே ஆள் வைத்துக்கொள்ளட்டும். இதை அந்த ஜனங்களிடம் நேரில், மரியாதையாக, கறாராகச் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கீழே போனேன்.

மேலிருந்து பார்த்தபோது பச்சையாக இருந்த இடம் இப்போது சாம்பல் நிறத்தில் இருந்தது. வடக்கே அனல் மின் நிலையங்கள் இருக்கும் பக்கமிருந்து காற்றடித்தால் எங்கள் பக்கம் கறுப்பாக ஒரு தூள் வந்து படியும். ஜன்னல் கம்பி, காயப் போட்ட வேட்டி எல்லாவற்றிலும் இருக்கும். இங்கே ஒவ்வொரு இலை மேலும் அது படிந்திருந்தது. தக்காளிச் செடி இரண்டு தலை தொங்கிப் போயிருந்தன. நாற்காலிக்காரர் ஒரு மூலையில் இருந்தார். ராமசெல்வி எதிர் மூலையில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நடுவில் பர்தா போட்ட ஒரு வயதான அம்மாள் ஹோஸை வைத்துக்கொண்டு, எதற்கு ஊற்றுவது என்று தெரியாதவள் போல நின்றிருந்தாள்.

மதிலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. சாக்பீஸில் வேலைப் பட்டியல். தண்ணீருக்கு ஃபிர்தௌஸ். இலை துடைக்க ஸ்டானிஸ்லாஸ், ராமசெல்வி. பூச்சி பொறுக்க, எரு போட என்று இன்னும் சில பெயர்கள். எல்லா வேலைக்கும் இரண்டு மூன்று பேர் மாறி மாறி. கடைசி வரியில் மட்டும் ஒரே பெயர். மண் வெட்ட: மலர்க்கொடி.

நான் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கைக்குட்டையை எடுத்து அந்த வரியை அழித்தேன். அழித்த வேகத்தில் மேலே இருந்ததையும் அழித்தேன். பலகை முழுவதும் வெள்ளைப் பூச்சாகிவிட்டது. இத்தனை பேர் இருக்கும்போது வெட்டுவதற்கு மட்டும் எங்கள் வீட்டுப் பெண்தான் கிடைத்தாளா, யாரைப் பார்த்து இதை எழுதினீர்கள் என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

 அந்தப் பர்தா அம்மாள் ஹோஸைக் கீழே போட்டாள். அவள்தான் ஃபிர்தௌஸ், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"சார், நீங்க அழிச்சது மலரக்கா எழுதினது."

"அவ எழுத மாட்டா" என்றேன்.

ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் படகு ஓட்டியவர், காசிமேட்டுக்காரர். "இன்னா சார், சம்சாரத்து கையெழுத்து தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டார். கிண்டலாகத் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கிண்டலைப் பாதியில் விட்டுவிட்டார்.

ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு அட்டை குத்தியிருந்தது. என்ன விதை, எந்தத் தேதியில் போட்டது என்று எழுதியிருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். உருண்டை உருண்டையான எழுத்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்போடு பக்கத்தில் நின்று பழக்கின எழுத்து. நான் அதைப் பார்த்ததே இல்லை. ரேஷன் கார்டு, வங்கிப் படிவம், மகளின் பள்ளி விண்ணப்பம் எல்லாம் நான்தான் எழுதினேன். அவள் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

அப்புறம் மூன்று பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சொன்னார்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவு. ராமசெல்விதான் முதலில் இங்கே ஒரு முருங்கைக் கிளையை ஊன்றித் தினம் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிவந்தாள். ஒரு மாதமாகத் துளிர்க்கவில்லை. அந்தப் பக்கம் வந்த மலர்க்கொடி, தலைகீழா நட்டு வெச்சிகீறியேம்மா, என்று பிடுங்கித் திருப்பி நட்டாள். அங்கிருந்துதான் எல்லாம். யாருக்கு என்ன வியாதி என்று கேட்டு வேலை பிரித்ததும் அவள்தான். ஸ்டானிஸ்லாஸுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, குனியக் கூடாது. ஆகையால் இடுப்பு உயரப் பீப்பாயில் ஈரத்துணி வைத்து இலை துடைப்பது. விரல் மரத்துப்போனவர்களுக்குப் பூச்சி பொறுக்குவது. ராமசெல்விக்கு இரண்டு கண்ணிலும் புரை. அன்று அவள் விரல் நீட்டியது வேலை சொல்ல இல்லை. இந்த இடமா, அந்த இடமா, வாழை எங்கே வருது என்று கேட்டிருக்கிறாள். எனக்கு முன்னால் கண்ணைச் சுருக்கியதும் அதனால்தானாம்.

"மண்வெட்டிய மட்டும் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாவ அண்ணாச்சி. கேட்டா, ஒனக்கு வராது, போய்த் துணிய எடுன்னு வெரட்டுவாவ."

"அவங்க வராம இந்தம்மாவோட நாலு நாளா நமக்குப் பேச்சே இல்ல" என்றார் ஸ்டானிஸ்லாஸ், ராமசெல்வியைக் காட்டி. தக்காளிக்கு யார் தண்ணீர் விடவில்லை என்று சண்டையாம். "நமக்கு வூட்ல ஆளில்ல சார். பையன் துபாய்ல. காத்தால எழுந்தா வாயத் தொறக்கறது இங்கதான். அதுவும் போச்சு."

நான் அந்த அட்டையை எடுத்த இடத்தில் குத்தினேன். சரியான பீப்பாயா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்றும் நினைவில்லை. லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டேன், பிறகு படியேறி வீட்டுக்குப் போனேன்.

மலர்க்கொடி கட்டில் விளிம்பில் இருந்தாள். எதிரில் நாற்காலியைப் போட்டு, பீரோவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பட்டியல எழுதினது நீயா?"

"ஆமா."

"எழுதத் தெரியுமா ஒனக்கு?"

"எட்டாவது பாஸு. நீ கேக்கல."

"செரி. எழுதறவ ஒம் பேர ஏன் வெட்டறதுல போட்டுகின? யாரு சொன்னாங்க?"

"எனக்கு வெட்ட வரும். அவங்களுக்கு வராது."

"எப்டி வரும்?"

அவள் கையால் போர்வையை நீவினாள். பிறகு, பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா அவள் அப்பாவிடம் என்ன கேட்டார் என்று ஞாபகம் இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். பெண் வயலில் இறங்கியிருக்கிறாளா என்று கேட்டாராம். இல்லவே இல்லை என்று அவள் அப்பா சொன்னாராம்.

"பொய்யி. எங்க ஊரு வள்ளூர்ல ஒம்போது வயசுலேந்து எறங்கினேன். லீவு நாளுல அம்மாகூட. எட்டாவது முடிச்சப்பறம் தெனமும், கல்யாணம் நிச்சயம் ஆவற வரைக்கும். ஒங்க நைனா நகத்த பாக்கற ஆளுன்னு சொன்னாங்க. ஒரு வாரம் புளி போட்டுத் தேச்சிகினு ஒக்காந்திருந்தேன்."

நாற்பத்தாறு வருஷம். என் வீட்டில் அவள் கையால் சாப்பிட்டு, என் அப்பா நிம்மதியாகச் செத்தார். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பொய் சொன்ன அவள் அப்பா மேலா, கேட்ட என் அப்பா மேலா?

"அப்ப அது மேல ஆசையா ஒனக்கு? அந்த வேலை மேல?"

"ஆசையா?" முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "வரப்பு மேல நின்னுகினு ஒருத்தன் எங்கம்மாவ இன்னா பேச்சு பேசுவான் தெரியுமா? கூலின்னா கூலிதான். அதுக்கு ஒண்ணும் ஏங்கல நானு. ஆனா வெட்ட வரும் எனக்கு. நல்லா வரும். இங்க என்ன யாரும் வெரட்டல. நான்தான் வெரட்டிகினு கீறேன். அறுவத்தஞ்சு வயசுல எனக்கு வர்றது ஒண்ண நாலு பேரு வந்து வேணும்னு கேக்கறாங்க. நீ போயி கதவ சாத்தற."

மூச்சு வாங்கியது. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும் வரை நின்றேன்.

"நான் வந்து வெட்டறேன்" என்றேன். "நீ நின்னு சொல்லு, போதும்."

என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வெள்ளைச் சட்டையையும் பார்த்தாள். பதினோரு நாள் கழித்துச் சிரித்தாள்.

"ஒனக்கு வராது."

பிறகு, நாளைக்குக் கீழே போகிறேன் என்றாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். அழித்ததை நான்தான் வந்து எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னாள். நான் அழித்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் படியேறி வருவதற்குள் ஃபிர்தௌஸ் ஃபோன் செய்துவிட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் போனோம். பள்ளத்தருகே போனதும் அவளுக்கு முட்டி வலித்தது, பன்னிரண்டு நாள் உட்கார்ந்த வலி. ஸ்டானிஸ்லாஸ் தன் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார். அவள் உட்கார்ந்து, சாம்பல் பூத்த செடிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். தக்காளியை யார் காய விட்டது என்று கேட்டாள். ராமசெல்வியும் ஸ்டானிஸ்லாஸும் ஒரே நேரத்தில், நான்தான் என்றார்கள். எனக்கு அதுவும் விளங்கவில்லை.

நான் பலகையைத் துடைத்து சாக்பீஸை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். தண்ணீருக்கு ஃபிர்தௌஸ். இலை துடைக்க ஸ்டானிஸ்லாஸ், ராமசெல்வி என்று எழுதியதும், நிறுத்து என்றாள்.

"ஒம் பேரும் போட்டுக்க அதுல."

போட்டேன். என் பெயரைப் பலகையில் பார்க்க, தொழிற்சாலையில் ஷிஃப்ட் பட்டியலில் பார்ப்பது போலத்தான் இருந்தது. அவமானமாக இல்லை. இருந்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது. எரு, பூச்சி, நாற்று எல்லாம் எழுதி முடித்தேன். கடைசி வரிக்கு மண் வெட்ட என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, நின்றுவிட்டேன்.

நான்கு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இங்கே யார் பெயரையும் எழுதாமல் விட்டால் என்ன? வாழைக்குப் பள்ளம் இல்லாமல் போகும், அவ்வளவுதானே? திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

"எழுது" என்றாள்.

மலர்க்கொடி என்று எழுதினேன். என் கையால் எழுதினேன். அது அவளுக்கு நான் செய்த மரியாதையா, என் அப்பாவுக்குச் செய்த துரோகமா என்று அந்த இடத்தில் நின்று முடிவு செய்யப் பார்த்தேன். முடியவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் முடியவில்லை. அவள் இந்த யோசனைக்கெல்லாம் நிற்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். முதல் வெட்டு விழுந்த சத்தம் கேட்டது. முட்டி வலிக்கிறவள் போட்ட வெட்டு மாதிரி இல்லை.

ராமசெல்வி ஒரு ஈரத்துணியை என் கையில் திணித்தாள்.

"அண்ணாச்சி, எலைக்கு அடிப்பக்கமும் தொடைக்கணும். மேல மட்டும் தொடைச்சா மதினி வைவாவ."

நான் கத்திரிச் செடியின் ஒரு இலையை எடுத்து, அடியில் கை கொடுத்துப் பிடித்தேன்.